ஒரு டிரைவர் குறையுது

“புது லேப்டாப்புல போயி பழைய விண்டோஸ் செவனா? ஆளுக சிரிப்பாங்க” என்றான் அப்ரார்.

“சிரிச்சிட்டுப் போகட்டும். போட்டுத் தர முடியுமா முடியாதா, அதச் சொல்லுங்க பாய்” என்றாள் சஃப்ரீன்.

மும்பை தாராவி தொண்ணூறடி ரோட்டில், இரண்டு பேர் உள்ளே வந்தால் மூன்றாவது ஆள் வெளியே நிற்க வேண்டிய ரிப்பேர் கடை அப்ராருடையது. தெருவே அவனை ‘அப்ரார் பாய்’ என்றுதான் கூப்பிடும். ஆனால் இந்த ஊரில் பாய் என்றால் அண்ணன் என்றும் அர்த்தம். மற்றவர்கள் கூப்பிட்டால் காதில் விழுவதோடு சரி. இவள் கூப்பிட்டால் மட்டும் சுருக்கென்று தைத்தது.

வாப்பாவின் தோல் பை பட்டறைக் கணக்கு பழைய விண்டோஸில்தான் ஓடும் என்று காரணம் சொன்னாள். அவளுக்கு வாஷியில் ஏதோ வேலை, சனிக்கிழமை மட்டும்தான் வர முடியுமாம்.

அவன் நியாயமாக எச்சரித்தான். மவுஸ் நகராது, வைஃபை கிடைக்காது, சத்தம் வராது, ஒன்று மாற்றி ஒன்று மக்கர் பண்ணும் என்றெல்லாம் சொல்லிவிட்டு, “வாரா வாரம் நீங்கதான் இங்க வந்து அலையணும்” என்றான்.

“அலையுதேன்” என்றாள்.

புது மெஷினுக்குப் பழைய விண்டோஸில் டிரைவர் கிடைப்பதுதான் கஷ்டம் என்றான். டிரைவர் என்றால் என்ன என்பதையும் விளக்கினான்.

“ரிக்‌ஷா நிக்குது. ஓட்ட ஆளில்லன்னா நகருமா? அது மாதிரி மவுஸுக்கு ஒரு டிரைவர், வைஃபைக்கு ஒரு டிரைவர், ஸ்பீக்கருக்கு ஒரு டிரைவர்.”

கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டாள். அவன் பேச்சை இவ்வளவு அக்கறையாக அவன் உம்மாகூடக் கேட்டதில்லை.

முதல் சனிக்கிழமை விண்டோஸ் ஏறவே இல்லை. அடுத்த வாரம் ஏறியது, மவுஸ் அசையவில்லை. அவள் ஸ்டூலில் உட்கார்ந்து அரை கிளாஸ் கட்டிங் சாய் குடித்தபடி, சயான் ஸ்டேஷன் நெரிசலைப் பற்றியும், வாப்பாவின் முன்கோபத்தைப் பற்றியும் பேசினாள். வேலை முடியவில்லையே என்று ஒரு தடவைகூட முகம் சுளிக்கவில்லை. அப்ரார் வெள்ளிக்கிழமைகளில் சலூனுக்குப் போக ஆரம்பித்தான். பக்கத்துப் பிரியாணிக் கடைக்காரர் வரைக்கும் அதைக் கவனித்துவிட்டார்.

பாழாய்ப்போன தொழில் சுத்தம் அவனை விடவில்லை. தேடித் தேடி ஒவ்வொரு டிரைவராகக் கண்டுபிடித்துப் போட்டான். மவுஸ் ஓடியது. வைஃபையும் வந்தது. கடைசியில் சத்தத்துக்கான டிரைவரும் கிடைத்துவிட்டது.

அதையும் போட்டுவிட்டால் லேப்டாப் கடையை விட்டுப் போய்விடும். அதோடு அவளும் போய்விடுவாள். இதுவரை அரைகுறையாக ஒரு மெஷினையும் அவன் கொடுத்தனுப்பியது கிடையாது. வெகுநேரம் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். பிறகு அந்த டிரைவர் இருந்த பென்டிரைவைப் பிடுங்கி மேஜை டிராயரில் போட்டுவிட்டு லேப்டாப்பை மூடினான்.

“எல்லாம் பக்கா” என்றான் சனிக்கிழமை வந்தவளிடம்.

“எல்லாமேவா?” அவள் முகம் ஏனோ வாடியது. ரயில் களைப்பாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டான். “அப்ப இனி வர வேண்டாம்ல பாய்?”

“ஏதாச்சும்னா வாங்க. எதுன்னாலும் வாங்க.”

வீட்டுக்குப் போனதும் ஏதாவது பாட்டுப் போட்டுப் பார்ப்பாள், சத்தம் வராது, அடுத்த சனிக்கிழமை வந்து நிற்பாள் என்று கணக்குப் போட்டான். அந்தச் சனிக்கிழமை அவள் வரவில்லை. ‘லேப்டாப் எப்படி இருக்கு?’ என்று போனில் அடித்தான், அனுப்பாமல் அழித்தான். வேறு கடைக்குப் போயிருப்பாளோ? அரைகுறை வேலைக்காரன் என்று நினைத்திருப்பாளோ? வழக்கம்போல அவளுக்கென்று கொண்டுவந்த கிளாஸைச் சாய்க்காரர் திருப்பி எடுத்துப்போகும்போது அப்படி ஒரு வலி வரும் என்று அவன் நினைத்ததே இல்லை. அவளைப் பார்க்க வேண்டும் போல இருந்தது. அவ்வளவுதான் விஷயம்.

அதற்கடுத்த சனிக்கிழமை சஃப்ரீன் வந்தாள். லேப்டாப்பை மேஜையில் வைத்தாள்.

“வேல செய்யல.”

“சத்தம் வரலியா?” அப்ரார் முந்திக்கொண்டான்.

“எது வேல செய்யலன்னு நா இன்னும் சொல்லவே இல்லியே.” அவள் அவனையே பார்த்தாள். “வைஃபை வரல.”

வைஃபையை அவன்தான் போட்டு, பலமுறை சோதித்தும் பார்த்திருந்தான். பதறிப்போய் சுவிட்சை அழுத்தினான். கடை முழுக்கக் கேட்கும்படி விண்டோஸின் ஆரம்ப இசை கணீரென்று ஒலித்தது.

அவசரமாக உள்ளே போய்ப் பார்த்தான். சவுண்டு டிரைவர் ஒரு குறையும் இல்லாமல் உட்கார்ந்திருந்தது. வைஃபை டிரைவரை யாரோ விவரம் தெரிந்தவர்கள் பதமாகக் கழற்றியிருந்தார்கள்.

“வாஷியில நா பிள்ளைங்களுக்குச் சொல்லிக்குடுக்கதே இந்த கம்ப்யூட்டர் வேலதான்” என்றாள் அவள், துப்பட்டா நுனியைத் திருகியபடி. “சவுண்ட மறந்துட்டீயன்னு கைப்பழக்கத்துல அன்னிக்கே நா போட்டுட்டேன். போட்ட பொறவுதான், நீங்க மறக்குற ஆளில்லியேன்னு தோணிச்சு. இனி எதச் சொல்லி இங்க வாரதுன்னு ரெண்டு வாரமா முழிச்சிட்டு, வைஃபைய நானே கழத்திட்டு வந்தேன், அப்ரார்.”