மூன்று கோடுகள்

பென்சில் வழுக்கிக்கொண்டே இருந்தது.

உப்பு வாரி வெடித்த விரல்கள். உப்பளத்தில் அரை நாள் லீவு கேட்டுக்கொண்டு மகளின் பள்ளிக்கு வந்திருந்தார்.

மூன்றாம் வகுப்பில் மாதக் கடைசி வெள்ளி. பிள்ளைகள் வாசிக்க, பெற்றவர்கள் கேட்க வேண்டும். தன் பிள்ளையை அல்ல, அடுத்த வீட்டுப் பிள்ளையை. ஒரே பக்கம், மூன்று தடவை. கேட்பவர் கையிலும் அதே பக்கம் அச்சடித்த ஒரு தாள். டீச்சர் போதும் என்றதும், வாசிப்பு எந்தச் சொல்லில் நின்றதோ அதன் அடியில் கேட்டவர் கோடு போட வேண்டும்.

போன மாதம் அவருக்கு வாய்த்தவன் மினி பஸ் மாதிரி போனான். நாற்பது வயதுக்கு மேல் எழுத்துக் கூட்டப் பழகியவர், இரண்டாம் வரியிலேயே தவறிப்போனார். போதும் என்றபோது குத்துமதிப்பாக ஒரு கோடு.

அந்த வரிக்கு அவன் வந்தே இருக்கவில்லை.

வகுப்பே சிரித்தது.

வீட்டுக்குப் போகையில் சைக்கிளின் பின்னாலிருந்து மகள் சொன்னாள்.

"அடுத்த மாசம் அம்மா வரட்டும்ப்பா."

அம்மாவுக்கு ஓர் எழுத்தும் தெரியாது. அது மகளுக்கும் தெரியும்.

இன்று மகள் அந்தப் பக்க மேசையில், புத்தகத்தால் முகத்தை மறைத்துக்கொண்டு வாசிக்கக் காத்திருந்தாள்.

அவர் எதிரில் மெர்சி. புத்தகத்தைத் திறக்கவே இல்லை.

"நான் ரொம்ப மெதுவா படிப்பேன் மாமா. கேக்குறவங்களுக்குக் கொட்டாவி வந்துரும்."

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"மெதுவாவே படி தாயி."

நண்... டு... ம... ண... லில்...

அவள் திணறி நின்ற இடத்திலெல்லாம் அவர் வந்து சேர்ந்தார். மூச்சு வாங்கினார். இருவரும் மறுபடி கிளம்பினார்கள்.

"போதும்."

அவள் நின்ற சொல்லின் மேல் அவர் விரல் இருந்தது.

கோடு போட்டார்.

இரண்டாம் தடவை வாசிப்பு ஒரு வரி அதிகமாகப் போனது. அதற்கும் அவர் கூடவே போனார்.

மூன்றாம் தடவை மெர்சி புத்தகத்திலிருந்து விரலை எடுத்துவிட்டாள். அவரும் எடுத்துப் பார்த்தார்.

சொற்கள் அங்கேயே இருந்தன.

டீச்சர் குனிந்து மூன்று கோடுகளையும் பார்த்தார். தலையசைத்துவிட்டு அடுத்த மேசைக்குப் போனார்.

அந்தப் பக்கம் மகளின் புத்தகம் மெல்ல இறங்கியது. முதலில் நெற்றி, பிறகு கண்கள்.

தாளின் கடைசியில் ஒரு கட்டம். வாசித்த பிள்ளைக்குக் கேட்டவர் ஏதாவது எழுத வேண்டும். மற்றவர்கள் அருமை, சூப்பர் என்று எழுதி முடித்திருந்தார்கள்.

அவர் வெகுநேரம் எடுத்துக்கொண்டார்.

மெர்சி தாளைத் தன் பக்கம் திருப்பினாள். எழுத்துக் கூட்டவில்லை. ஒரே மூச்சில் வாசித்தாள்.

"நன்றி."

பிறகு அவரை ஏறிட்டுப் பார்த்தாள்.

"நான்தான மாமா படிச்சேன்? நீங்க எதுக்கு நன்றி சொல்றீங்க?"