கடல் தொட்டியில் களையெடுப்பு

“யாரோ என் மீனுக்கு இரையை அள்ளிப் போடுதாவ. இல்லைன்னா தண்ணி இப்படிச் சிவக்காது.”

முத்துக்கிருஷ்ணன் கண்ணாடிக் குப்பியை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தான். தொட்டித் தண்ணீரில் மருந்துச் சொட்டு விட்டால், நைட்ரேட் எவ்வளவு என்று நிறமே சொல்லிவிடும். மஞ்சளாக இருந்தால் நல்லது. குப்பியில் இருந்ததோ வெற்றிலை எச்சில் நிறம். தின்று மிஞ்சிய இரை அழுகினால் நைட்ரேட் ஏறும், பாசிக்கு அதுதான் உரம் என்று மனைவியிடம் விளக்கினான்.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கத்தானே செய்யும். யோகலட்சுமி தோசையைத் திருப்பிப் போட்டாள்.

குழாயில் எப்போது தண்ணீர் வரும் என்று சங்கரன்கோவிலே குடத்தோடு காத்திருக்க, உப்பு வாங்கிக் கலக்கி வீட்டுக்குள் கண்ணாடித் தொட்டியில் கடல் வளர்க்கிற ஆள் முத்துக்கிருஷ்ணன். சொந்தக்காரர்கள் கேலி பேசி ஓய்ந்துவிட்டார்கள். மோட்டார் காயில் கட்டும் கடையை அடைத்துவிட்டு வந்தால், வெள்ளைப் பட்டை போட்ட தன் கோமாளி மீன்களுக்கு முன்னால்தான் நாற்காலியைப் போடுவான். இப்போது தொட்டிக்குள் இருந்த பாறைகளில் பச்சைப் பாசி முடி மாதிரி வளர்ந்து கிடந்தது.

இரையை அள்ளிப் போட்டது யோகலட்சுமிதான். காரணம் அவளுடைய அப்பா.

சங்கரசுப்பு கரிவலம்வந்தநல்லூரில் தனியாக இருந்தார். மனைவி போன பிறகு ஒரு வேளை பொங்கி மூன்று வேளை தின்கிறவர். எங்களோடு வந்து இருங்கள் என்று மகளும் மருமகனும் கூப்பிட்டு அலுத்துப் போனார்கள். பெண் கொடுத்த வீட்டில் சும்மா உட்கார்ந்து கை நனைக்க மாட்டேன் என்று ஒரே பேச்சு. மகளுக்குப் பொங்கல்படிச் சீர் கொண்டுவந்த அன்றைக்குக்கூட ஒரு வாய் காப்பியோடு பஸ் ஏறப் பார்த்தார்.

அப்படிக் கிளம்பியவர் கண்ணில் தொட்டிப் பாசி பட்டுவிட்டது. ஆயுள் முழுக்க நெல் வயலில் களை பறித்த மனுஷனுக்கு அது பொறுக்கவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பாறையில் இருந்த பாசியைப் பிடுங்கி, பழைய டூத் பிரஷ்ஷால் கண்ணாடியைத் தேய்த்து, மருமகன் கலக்கிக் கொடுத்த உப்புத் தண்ணீரை வாளி வாளியாக மாற்றி முடித்தபோது மத்தியானம் ஆகிவிட்டது. மகள் பயந்துகொண்டே இலை போட்டாள். களையெடுத்த ஆளுக்குச் சோறு போடுவது முறைதானே என்று உட்கார்ந்தவர், மறுசோறும் வாங்கிக்கொண்டார்.

அதிலிருந்து சனிக்கிழமைதோறும் போன் வரும்.

“களை கிடக்கா மக்கா?”

கிடக்கிறது என்றால் ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் வந்து இறங்குவார். இல்லை என்றால் வர மாட்டார். அப்பா ஒரு நாளாவது வயிறாரச் சாப்பிட வேண்டுமென்றால் பாசி வளர வேண்டும். கணவன் கடைக்குப் போனதும் யோகலட்சுமி சிட்டிகை இரை கூடுதலாகப் போட ஆரம்பித்தாள். சிட்டிகை சீக்கிரமே கைப்பிடி ஆயிற்று.

ஆனால் குப்பி சிவந்த அன்று காலை ஒரு மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூச்சுக்குத் தவித்ததை அவள் பார்த்திருந்தாள். அப்பா சாப்பிடுவதற்காக இவர் ஆசையாக வளர்க்கிற மீனைக் கொல்லப் பார்த்தேனே என்று அழுகை முட்டியது.

முத்துக்கிருஷ்ணன் யார் போட்டது என்று துருவவில்லை. உடனே தண்ணீரை மாற்றினான். இனிமேல் நான் மட்டும்தான் இரை போடுவேன் என்று சொல்லி, டப்பாவைக் கையோடு கடைக்கு எடுத்துப் போய்விட்டான். மீன் பிழைத்துக்கொண்டது. யோகலட்சுமிக்கு அதில் நிம்மதி. ஆனால் பாசி ஒழிந்தால் அப்பா வரமாட்டாரே என்ற பயம் நெஞ்சில் உட்கார்ந்துகொண்டது. இல்லாத பாசியை இருக்கிறது என்று சொல்லிக் கூப்பிட்டாலோ, வந்து பார்த்துவிட்டு ரோஷத்தில் மறுபடி வாசல் மிதிக்க மாட்டார்.

அடுத்த வாரம் பாசி இருந்தது. அதற்கடுத்த வாரமும் இருந்தது. பாறையில் ஊறிய பழைய உரமாக இருக்கும், அது தீர்ந்ததும் இதுவும் போய்விடும் என்று அவள் நினைத்துக்கொண்டாள். அப்பா சாப்பிடும்போது, இதுதான் கடைசியோ என்று பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தச் சனிக்கிழமை காலை வாசல் தெளித்தவள், கோலப்பொடி எடுக்க உள்ளே வந்தாள். தொட்டி முன்னால் முத்துக்கிருஷ்ணன் நின்றிருந்தான். மீன்கள் தின்று முடித்துச் சாவகாசமாகத் திரிந்துகொண்டிருந்தன. அவன் டப்பா மூடியில் இரையை அளந்து உள்ளே தட்டினான். கொஞ்சம் யோசித்துவிட்டு இன்னும் அரை மூடி தட்டினான். திரும்பியவன் அவளைப் பார்த்து, டப்பாவை மறைக்க இடம் தெரியாமல் சிரித்தான்.

“மாமா களையெடுக்க வர ஆரம்பிச்சதுல இருந்து நான்தான் கூடப் போடுதேன்,” என்றான். “நீயும் சேர்ந்து போட்டா மீன் தாங்காது யோகா. பாசி வளரணும், மீனும் சாகக் கூடாது. அந்த அளவை நான் பாத்துக்கிடுதேன், நீ மாமாவுக்குச் சோத்தை மட்டும் கூட வை.”