சுவர்ணாவின் வீடியோ கோல்

"அடுத்த பயணத்துக்குச் சுவர்ணாவைக் கூப்பிடுறேல்லை" என்றாள் நகுலேஸ்வரி. "இது முடிவு."

ஞாயிறு பின்னேரம், லண்டன் கிங்ஸ்பரியில் அவளுடைய வீடு. அவுஸ்திரேலியாவில் மெல்பேர்னிலிருந்து அடிலெயிட் வரை ஒரே வான் வண்டியில் போய்வந்த ஐந்து பேரில் நாலு பேர் டிவியில் படம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நகுலேஸ்வரி, அவள் கணவன் பாலேந்திரா, சிநேகிதி துசியந்தி, அவள் கணவன் தர்சிகன். ஐந்தாவது ஆள் சுவர்ணா. இரவு வேலை செய்கிறவள். இந்த நேரம் தன் வீட்டில் நித்திரையாக இருப்பாள்.

படங்களில் ஒரு குறையும் இல்லை. பன்னிரண்டு அப்போஸ்தலர் என்று பெயர் வைத்துவிட்டு, எண்ணினால் ஏழெட்டு மட்டும் கடலுக்குள் நிற்கும் பாறைகள். கோல்ஃப் மைதானத்தில் ஆட்களைச் சட்டை செய்யாமல் மேயும் கங்காருக்கள். பாலேந்திரா தன் தொப்பியைக் காற்றுக்குப் பறிகொடுத்த வெளிச்சவீடு.

எல்லாவற்றிலும் நாலு பேர் சிரித்துக்கொண்டு நின்றார்கள். சுவர்ணா மட்டும் ஓரத்தில். காதில் இயர்போன், கையில் தூக்கிப் பிடித்த போன், ஆரோடோ வீடியோ கோல்.

பதினாலு நாளும் இதே கதைதான். காலமை பதினொரு மணியானால் போதும், போன் அடிக்கும். வானை நிப்பாட்டச் சொல்லி இறங்கிவிடுவாள். மரக்கொப்பில் தூங்கிய கோலாக் கரடியை அரைமணித்தியாலம் போனுக்கு விளங்கப்படுத்தினாள். நகுலேஸ்வரி கிட்டப் போனால் குரலைத் தணித்துக்கொண்டு அப்பால் நடந்துவிடுவாள். ஆரென்று கேட்டதற்கு, தெரிஞ்ச ஆள் என்று மட்டும் சொன்னாள்.

துசியந்தி றோல்ஸைக் கடித்துக்கொண்டே சொன்னாள். "குறை நினையாதேங்கோ அக்கா. அவளுக்கு ஆரோ இருக்கினம்."

தர்சிகன் தேவையில்லாமல் இருமினான்.

"இருந்தா இருக்கட்டுமே" என்றார் பாலேந்திரா. "நாப்பத்தைஞ்சு வயசு. தனி மனுசி."

"நல்லா இருக்கட்டும். ஆனா நான் பாக்கிற கங்காருவை அவனும் பாக்கோணுமோ? எங்களோட வந்தவளோ, அவனோட வந்தவளோ?" என்றாள் நகுலேஸ்வரி.

நகுலேஸ்வரியின் கோபத்துக்குக் காரணம் இருந்தது. ஆறு வருடத்தில் அவள் வீட்டைவிட்டு வெளியே போன முதல் பயணம் இது. அப்பா தில்லையம்பலத்துக்குச் சீனி வருத்தத்தில், நீரிழிவில், கண் மங்கிவிட்டது. பகலில் ஆள் தெளிவு. இரவில்தான் தடுமாற்றம். ஒரு மணி, இரண்டு மணிக்கு எழும்பிச் சப்பாத்தைத் தேடுவார், மகளைத் தேடிப் போகவேண்டும் என்பார். மகள் பக்கத்தில் வந்து இருந்து கதைத்தால்தான் திரும்பப் படுப்பார்.

அப்படிப்பட்டவரைப் பக்கத்திலிருந்த முதியோர் கேர் ஹோமில் இரண்டு கிழமைக்கு விட்டுவிட்டு, அழுதுகொண்டுதான் பிளேன் ஏறினாள். அப்பா தேடுகிறார் என்று ஒரு சொல் வந்தாலும் அடுத்த பிளேனில் திரும்புவது என்று பாலேந்திராவிடம் சொல்லிவைத்திருந்தாள். தினமும் கேட்டாள். சுகமாக இருக்கிறார், நல்லாய்ச் சாப்பிடுகிறார் என்றே பதில் வந்தது.

"பதினாலு நாளில ஒரு நாள் எண்டாலும் அப்பா என்னைத் தேடேல்லை" என்று வருகிற எல்லோருக்கும் சொன்னாள். அதில் ஆறுதல் முக்கால்வாசி. மிச்சக் கால்வாசி என்னவென்று அவளுக்கே தெரியாது.

அடுத்த வருடம் நியூசிலாந்து. துசியந்தி வாட்ஸப்பில் நாலு பேருக்கு மட்டும் புதுக் குரூப் ஒன்று தொடங்கிவிட்டாள். ஐந்து பேர் என்றால் ஹோட்டல் அறை பிரிக்கிறதும் கரைச்சல்தானே அண்ணை என்று தர்சிகன் பாலேந்திராவுக்கு நியாயம் சொன்னான்.

உள் அறைக் கதவு திறந்தது. தில்லையம்பலம் சுவரைப் பிடித்துப் பிடித்து வந்தார். பாலேந்திரா எழும்பிக் கதிரையில் இருத்தினார். டிவியில் அப்போது ஒரு வீடியோ ஓடிக்கொண்டிருந்தது. அலை இரைந்தது.

"உது கடலுக்குள்ள பாறையள் நிக்கிற இடமோ?"

நகுலேஸ்வரி திரும்பிப் பார்த்தாள். அப்பாவின் கண்ணுக்கு டிவி வெறும் வெளிச்சம். "உங்களுக்கு ஆரப்பா சொன்னது?"

"சுவர்ணாப் பிள்ளைதான். வேற ஆர்?"

துசியந்தியின் கையில் றோல்ஸ் பாதியில் நின்றது.

அவர் ஆறுதலாகச் சொன்னார். கேர் ஹோமில் முதல் இரவே எழும்பிவிட்டாராம். சப்பாத்தைப் போட்டுக்கொண்டு கதவடியில் நின்று மகளிடம் போகவேண்டும் என்று சத்தம் போட்டாராம். இரவு டியூட்டியில் இருந்த பிள்ளை சுவர்ணாவோடு அங்கேயே வேலை செய்கிறவள். ஐயா எழும்பினால் எனக்குப் போன் எடு, மகளுக்கு எடுத்துவிடாதே என்று சுவர்ணா போகமுதலே சொல்லிவைத்திருந்தாளாம். அதன்பிறகு ஒவ்வொரு இரவும் அவள்தானாம்.

லண்டனில் நடுச்சாமம். அவுஸ்திரேலியாவில் காலமை பதினொரு மணி.

நகுலேஸ்வரி அப்பாவின் கதிரைக்குப் பக்கத்தில் வந்து இருந்தாள். "அப்ப... நீங்கள் என்னைத் தேடினனீங்களோ அப்பா?"

"தேடாம?" தில்லையம்பலம் சிரித்தார். "மகள் எங்கையெண்டு கேட்பன். இந்தா, படம் எடுக்க நிக்கிறா ஐயா, கேளுங்கோ எண்டு போனை உன்ரை பக்கம் நீட்டுவா. உன்ரை சிரிப்பைக் கேட்டாப் பிறகுதான் பிள்ளை, எனக்கு நித்திரை வரும்."