பச்சை வேண்டாம்

தூரத்தில் சிக்னல் சிவப்பாக இருந்தது.

அவளுக்கு அப்பாடா என்றிருந்தது.

இன்னும் நூறு மீட்டர். இரண்டு கால்களும் சைக்கிள் பெடலோடு பூட்டிக் கிடந்தன. ஷூவின் அடியில் இருக்கும் கொக்கி பெடலைக் கவ்விக்கொள்ளும் வகை. குதிகாலை வெளிப்பக்கம் திருப்பினால்தான் விடும். மேலே இழுத்தால் விடாது. எவ்வளவு இழுத்தாலும் விடாது.

இது மூளைக்குத் தெரியும். காலுக்குத் தெரியாது.

இருபது வருஷம் ஸ்கூட்டர் ஓட்டிய கால் அது. வண்டி நிற்பதற்கு முன்பே தரையைத் தேடி இறங்கிவிடும்.

அதனால் இதே சிக்னலில் மூன்று முறை விழுந்திருக்கிறாள்.

முதல் முறை, இரண்டு காலும் மாட்டிக்கொண்டு, நின்ற இடத்திலேயே சாய்ந்தாள். இரண்டாம் முறை முழங்கை போனது. மூன்றாம் முறைதான் கொடுமை. இடது காலை அழகாக விடுவித்தாள். விடுவித்த பெருமையில் வலது பக்கம் சாய்ந்தாள்.

மூன்று முறையும் எதிர் பேக்கரியில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் கிளாசை வைத்துவிட்டு ஓடி வந்தார்கள். அவர்களுக்கு முன்னால் டிராஃபிக் போலீஸ்காரர் நாச்சிமுத்து வந்துவிட்டார். ஓய்வு பெற இன்னும் இரண்டு வருஷம் இருக்கும். தூக்கி நிறுத்தி, சைக்கிளையும் தட்டிக் கொடுத்துவிட்டுக் கேட்டார்.

"ஏனுங்க அம்மிணி, இந்தக் கருமத்தக் கழட்டிப் போட்டுட்டு சாதா செருப்புல ஓட்டுனா ஆகாதுங்களா?"

அக்கறையாகத்தான் கேட்டார். முழங்கையைவிட அதுதான் வலித்தது.

கழற்ற மாட்டாள். மருதமலை ஏற்றத்தில் அந்தப் பெடல் தரும் சுகம் அவருக்கு எப்படித் தெரியும்? மிதிக்கும்போது மட்டுமல்ல, காலைத் தூக்கும்போதும் வண்டி முன்னே போகும். நாற்பத்தொன்பது வயதில் கால்களுக்கு இப்படி ஒரு வேலை கிடைக்கும் என்று அவள் நினைத்ததே இல்லை.

மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டியைப் பிடித்துக்கொண்டு பழகினாள். இடது கால் மட்டும். தினமும் நூறு தடவை. பீடியை மிதித்து அணைப்பதுபோல ஒரு திருப்பு. அவ்வளவுதான் வித்தை.

வகுப்பில் கணக்கு நடத்தும்போது மேஜைக்கு அடியில் குதிகால் தானாகத் திரும்பியது. கோயில் வரிசையில் திரும்பியது. தூக்கத்தில் திரும்பி, வீட்டுக்காரரிடம் திட்டும் வாங்கிக் கொடுத்தது.

வீட்டு வாசலில் ஓட்டி வந்து நின்று பார்த்தாள். விழவில்லை. ஆனால் அது கணக்கில் சேராது. விழுந்த இடத்தில் நிற்க வேண்டும். அதே டீ கிளாஸ்களுக்கு முன்னால்.

சிக்னல் நிற்கவிடவில்லை.

இரண்டு வாரமாக அவள் வரும்போதெல்லாம் பச்சை. நல்ல ராசிதான் என்று முதலில் நினைத்தாள். திங்கட்கிழமை பார்த்துவிட்டாள். அவளுடைய மஞ்சள் சட்டை திருப்பத்தில் தெரிந்ததும் நாச்சிமுத்துவின் கை சிக்னல் கம்பத்துப் பெட்டிக்குப் போனது.

ஒரு பொத்தான். பச்சை.

பாவம், மறுபடியும் விழுந்து தொலைக்கப்போகிறது என்று, அவள் ஒருத்திக்காக மற்ற மூன்று சாலைகளையும் நிறுத்தி வைத்துக்கொண்டிருந்தார்.

அன்று பள்ளிக்கூடம் போகும்வரை அவளுக்கு முகம் எரிந்தது.

அதனால்தான் இன்று நீலச் சட்டை.

எழுபது மீட்டர். சிவப்பு.

அறுபது. சிவப்புதான்.

ஐம்பதில் அவர் அடையாளம் கண்டுகொண்டார். கை பெட்டிக்குப் போனது.

பச்சை.

வாங்க வாங்க என்று கையை வேறு வீசினார்.

அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

திரும்பிப் பார்த்தாள். வெகு பின்னால் ஒரு பால் வண்டி மட்டும் வந்துகொண்டிருந்தது. நிற்கப்போகிறேன் என்று கையைக் காட்டினாள். பிரேக்கைப் பிடித்தாள்.

இடது குதிகால்.

திருப்பு.

டக்.

இடது பக்கம் சாய்ந்தாள். இடது பக்கம்தான்.

தரை.

வெள்ளைக் கோட்டுக்கு ஒரு சாண் இந்தப் பக்கம், பச்சை விளக்குக்கு நேர் எதிரே, ஒற்றைக் காலை ஊன்றி நின்றாள்.

பேக்கரியில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் நான்கு பேர் பாதி ரோட்டுக்கு வந்திருந்தார்கள். தூக்குவதற்கு யாரும் விழவில்லை. ஒருவர், நீட்டிய கைகளை என்ன செய்வதென்று தெரியாமல், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டார்.

பால் வண்டி பின்னால் வந்து நின்று ஹாரன் அடித்தது.

அவள் நகரவில்லை. சிரிப்பு வந்தது. அழுகையும் வந்தது. இரண்டையும் சேர்த்து விழுங்கினாள்.

நாச்சிமுத்து மறுபடியும் கையை வீசினார். போங்க.

அவள் தலையை ஆட்டினாள். மாட்டேன்.

அவர் விளக்கைப் பார்த்தார். அது பச்சையாகத்தான் இருந்தது. அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு அவள் இடது காலைப் பார்த்தார். அவசரப்படாமல் பார்த்தார்.

ஹாரன் விடாமல் அலறியது.

அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். பெட்டிக்குத் திரும்பினார். பொத்தானை அழுத்தினார்.

சிவப்பு.