மூன்றாவது கோப்பை

மூன்றாவது கோப்பையின் விளிம்பில் அக்கா கரண்டியால் இரண்டு தட்டு தட்டினாள். அறையில் யாரும் அதைக் கவனிக்கவில்லை. சின்னவளுக்கு மட்டும் போன உயிர் திரும்பி வந்தது.

தேயிலைக் கம்பெனியின் ருசி பார்க்கும் அறை அது. மேஜையில் வரிசையாக ஆறு கோப்பைகள். அவற்றில் ஒன்றில் மட்டும் பழைய இருப்புத் தூளைக் கலந்து வைத்திருந்தார் மேனேஜர். உறிஞ்சி, நாக்கில் உருட்டி, துப்பிவிட்டு எது என்று சொல்ல வேண்டும். போட்டிக்கு நின்ற இருவரில் சரியாகச் சொல்பவருக்குத் தலைமைப் பதவி.

வேறு நாளாக இருந்தால் சின்னவள் கண்ணை மூடிக்கொண்டு சொல்லியிருப்பாள். இப்போது அவளுக்கு இரண்டாம் மாதம். எதை வாயில் வைத்தாலும் துருப்பிடித்த ஆணியைச் சப்புவது போல ஒரே இரும்பு ருசி.

வெளியே மூச்சு விடவும் வழியில்லை. முன்பு ஒருத்தி முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்த மறுநாளே, "புள்ளத்தாச்சி நாக்கை நம்ப முடியாதும்மா" என்று அவளைப் பேக்கிங்குக்குத் தள்ளிவிட்டார் மேனேஜர். என்னமோ அவரே நாலு பெற்றெடுத்தவர் மாதிரி.

கூட வேலை பார்க்கும் இந்த அக்காவுக்கு மட்டும்தான் தெரியும். போன வாரம் கழிவறையில் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தபோது வந்து முதுகைத் தடவிக்கொடுத்தவள் அவள்தான்.

அப்போதே தன் கைப்பையிலிருந்து பாதி காலியான உப்பு பிஸ்கட் பாக்கெட்டை எடுத்து நீட்டினாள். "காலையில கட்டிலை விட்டு இறங்கறதுக்கு முன்னாடியே ரெண்டு கடிச்சுக்கோ. எழுந்ததும் பல் தேய்க்காதே, குமட்டும். மூணு மாசம் முடியற வரைக்கும் யார்கிட்டயும் சொல்லாதே. அவசரப்பட்டுச் சொல்லிட்டு அப்புறம் உக்காந்து அழற கொடுமை வேண்டாம்."

கல்யாணமாகி இத்தனை வருஷம் மடி நிறையாதவள், துளிகூடப் பொறாமை இல்லாமல் சொல்கிறாளே என்று சின்னவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தத் தைரியத்தில்தான் கேட்டாள்.

"அக்கா, பரீட்சை அன்னைக்கு டீ பதமா இருக்கான்னு முதல்ல ருசி பாக்கறது நீங்கதானே? பழசு எதுன்னு கரண்டியால ரெண்டு தட்டு தட்டிடுங்க. என் பொழப்பே உங்க கையிலதான் இருக்கு."

அக்கா எதையோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு, "சரி, பார்க்கலாம்" என்றாள்.

இதோ, தட்டியும் விட்டாள். சின்னவள் ஆறு கோப்பையையும் ஒப்புக்கு உறிஞ்சித் துப்பினாள். "மூணாவது சார்."

"அஞ்சாவது சார்" என்றான் அடுத்து ருசி பார்த்தவன். அக்காவின் கொழுந்தன்.

மேனேஜர் சிரித்துக்கொண்டே போய் அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

சின்னவள் அக்காவைத் தேடிக்கொண்டு கை கழுவும் இடத்துக்கு ஓடினாள். கூடப் பிறந்தவளைவிட மேலாக நினைத்தவள் இப்படிச் செய்துவிட்டாளே என்ற நினைப்புதான் தாங்கவில்லை.

"கூடவே இருந்து கழுத்தறுத்துட்டீங்களேக்கா!"

"இல்லடி, நான் குத்துமதிப்பாத்தான்..."

"நடிக்காதீங்க! இந்த அறையிலேயே உங்க நாக்குக்கு மிஞ்சின நாக்கு உண்டா? கொழுந்தனுக்குப் பதவி வாங்கிக் குடுக்க என்னைப் பலி குடுத்துட்டீங்க. முடியாதுன்னு அன்னைக்கே சொல்லியிருக்கலாமே!"

"சொன்னா ஏன்னு கேப்பியே."

"ஒண்ணும் பேசாதீங்க. உங்க வயித்துலயும் ஒண்ணு இருந்திருந்தா என் கஷ்டம் தெரிஞ்சிருக்கும்!"

சொன்ன பிறகுதான் எவ்வளவு பெரிய வார்த்தை என்று உறைத்தது. ஆனாலும் சின்னவள் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. படட்டும் என்றே நின்றாள்.

அக்கா அழவில்லை, கோபப்படவும் இல்லை. வாயைப் பொத்திக்கொண்டு சுவரில் சாய்ந்தாள். பிறகு கைப்பையிலிருந்து ஓர் உப்பு பிஸ்கட்டை எடுத்து மெல்லக் கடித்தாள்.

"ஆறு கோப்பையும் எனக்கும் இரும்பாத்தான்டி இருந்துச்சு."