எதிர்வீட்டுத் தயிர்

காலையிலேயே எதிர்வீட்டு ஷமீமா டம்ளரோடு ஜெசிந்தாவின் வாசலில் வந்து நின்றாள். தூத்துக்குடியில் அந்த அடுக்குமாடிக்கு அவள் குடும்பம் அப்போதுதான் குடிவந்திருந்தது.

"அக்கா, கொஞ்சம் உறை மோர் கிடைக்குமா? வீடு மாத்துனதுல எங்க தயிர் கெட்டுப்போச்சு. மாமாவுக்குத் தயிர் இல்லாம சோறு இறங்காது."

ஜெசிந்தாவுக்குச் சங்கடமாக இருந்தது. "எங்க தயிர்க் கிருமி எங்க வீட்டுக்காரருக்குப் பிரஷர் மருந்து சுரக்குதும்மா. மத்தவங்க சாப்பிட்டா தலை சுத்தும்."

"எல்லா வீட்டுலயும் இதான் சொல்றாங்க. மேல்வீட்டுத் தயிர் தூக்கத்துக்காம், கீழ்வீட்டுது சர்க்கரைக்காம்" என்று ஷமீமா வெறும் டம்ளரோடு திரும்பினாள்.

தன் வாசலில் வந்து கேட்டவள் வெறுங்கையோடு போனது ஜெசிந்தாவை உறுத்தியது. சமையலறையில், அவரவர் நோய்க்கு மருந்து சுரக்கும் தயிர்க் கிருமிகளை உருவாக்கும் பெட்டியை இயக்கினாள்.

"எந்த நோய்க்குத் தயிர் வேண்டும்?" என்று பெட்டி கேட்டது.

"நோய்க்கு இல்ல. பால் உறையணும், அவ்வளவுதான்."

"காரணம் சொல்லாமல் எதையும் உருவாக்க இயலாது."

ஜெசிந்தா யோசித்தாள். "எதிர்வீட்டுக்குக் குடுக்கதுக்கு."

பெட்டி சற்று நேரம் முனகியது. பிறகு பச்சை விளக்கு எரிந்தது.

மறுநாள் அவள் உறைந்த தயிரைச் சட்டியோடு கொண்டுபோய்க் கொடுத்தாள். ஷமீமா ஒரு ஸ்பூன் எடுத்து வாயில் போட்டாள்.

"நல்லாருக்குக்கா. இதுல என்ன இருக்கு?"

"புளிப்பு இருக்கு."

ஷமீமா சிரித்துவிட்டாள். ஜெசிந்தாவை அவள் போகவிடவில்லை. ஜெசிந்தாவின் கணவர் ராயப்பனையும் கூப்பிட்டாள். அன்று மதியம் இரண்டு குடும்பத்தாரும் ஒரே சட்டித் தயிரைப் போட்டுச் சாப்பிட்டார்கள்.