கேஸைக் குறைக்கலாமா

அந்தக் கேள்வியில் 'மாட்டு' என்ற சொல் இருந்ததா என்று எனக்கு இன்றும் சரியாக நினைவில்லை.

சட்டமன்றத்தில் வாக்குகள் சமமாகப் பிரிந்தால், குலுக்கலில் வரும் ஒரு வீட்டைக் கேட்டு முடிவு செய்வார்கள். அன்று தாராபுரம் பக்கமுள்ள எங்கள் வீடு வந்தது. சுவர்த்திரையிலிருந்து மொத்த அவையும் எங்கள் சமையலறையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"ஏனுங்கம்மா, கேஸைக் குறைக்கலாமுங்களா?" என்றார் ஓர் உறுப்பினர்.

தோசையைத் திருப்பிக்கொண்டிருந்த என் மனைவி பூங்கோதை சிலிண்டரைப் பார்த்தாள்.

"குறைச்சுப் போடுங்க சாமி. இந்த வெலைக்குச் சுடுதண்ணி வெக்கவே பயமா இருக்குது."

அவை மேசையைத் தட்டியது. எனக்கு ஏதோ உறுத்தியது. ஆனாலும் அடுத்த தோசைக்குத் தட்டை நீட்டினேன்.

மதியம் அரசாங்க வண்டி வந்தது. சினையாக இருந்த எங்கள் செவலையை அவிழ்த்தார்கள். எங்களிடம் இருந்ததே அந்த ஒரு மாடுதான்.

"மாட்டை எதுக்குங்க புடிக்கறீங்க?" என்று பூங்கோதை கயிற்றைப் பற்றினாள்.

"நீங்க சொன்னதுதானுங்கம்மா. மாடு ஏப்பம் விடற கேஸு கொறையோணும். அதுக்குத்தான் ஊட்டுக்கு ஒரு மாட்டப் புடிக்கறோம். அப்பத்தான் சிலிண்டர் வெலையக் கொறைப்பாங்க."

"அய்யோ, நான் அடுப்பு கேஸுன்னு நெனச்சனே!" என் பக்கம் திரும்பினாள். "நீங்க பக்கத்துலதான நின்னீங்க? அந்தாளு எந்த கேஸைச் சொன்னாரு?"

செவலை திரும்பி வரவில்லை. அந்த உறுப்பினர் அமைச்சரானார். சிலிண்டர் விலை உண்மையிலேயே குறைந்தது. பூங்கோதை அந்த கேஸில் பாலில்லாத வரக்காப்பி போடுகிறாள். மாடு இழந்த ஊரில் யாரும் அவளோடு பேசுவதில்லை. அவள் கேட்டதற்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை.